கரும்பாதையும் அதன் மேற்பூச்சும்



வீட்டு வாயிலிலிருந்து தெருவரை செல்லும் வண்டிப்பாதையைப் பற்றி இன்று உங்களோடு பேச விழைகின்றேன். நம் ஊர் வீடுகளின் முன்னே திண்ணை உண்டு. வாசல் தெளித்துக் கோலம் இட இடம் உண்டு. அமெரிக்க நாட்டின் வடகிழக்கு மாநிலங்களிலோ, வீட்டின் முன்புறத்தில் பெரும்பாலும் முதலில் கண்ணிற் படுவது, கார்க் கொட்டகையிலிருந்து இறங்கித் தெருவைத் தொடும் ஒரு கரிய பாதையே ஆகும். அதனை 'டிரைவ்வே' என்பர். வீட்டு எல்லைக்குள் கிடக்கும் அப்பாதையைக் காக்கும் பொறுப்பு வீட்டுக்காரரையே சாரும்.

நெடுஞ்சாலைத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொறியாளனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். நியூ ஜெர்சி மாநிலத்து எடிசன் என்னும் ஊரில் வாழும் என் மகள் வீட்டில் இருமுறை சில மாதங்கள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அங்குக் குடியேறியிருக்கும் நம்மவர் பலர், நான் சாலை வேலை பார்த்தவன் என்று அறிந்ததும், ஏறக்குறைய ஒரே வினாவை வினவினர்: "எங்கள் வீட்டுப் பாதை வெளுத்துப் போயிற்று, கரும்பூச்சுப் பூச வேண்டுமா?" இவ்வினாவுக்குள் இரண்டு வினாக்கள் அடங்கியிருக்கின்றன. பூச்சு வேண்டுமா என்பது ஒன்று. எதனைப் பூசுவது என்பது மற்றொன்று. முன்னது பணத்தைப் பற்றியது. பின்னது உடல்நலத்தைப் பற்றியது. இரண்டிற்கும் விடை காண வேண்டுமாயின், அப்பாதை எதனால் ஆனது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

கரும்பாதையைத் 'தார்ப்பாதை' என்றே நாம் வழங்கி வருகின்றோம். அதில் தார் என்று நாம் கூறும் பொருள், கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்துப் பெட்ரோல், டீசல் முதலியவற்றைப் பிரித்தெடுத்த பின்னர் அடியில் எஞ்சும் கெட்டியான கரும்பிசின். அதற்கு நிலக்கீல் என்பது பொருத்தமான பெயர். கீல் என்பது தமிழில் பழைய சொல். மரக்கலங்களின் பலகை இடுக்குகளில் நீர் புகாதவாறு பூசப்பட்ட கரும்பிசினுக்கு அப்பெயர் வழங்கிற்று. நீரைத் தடுப்பதே கீலின் தொழில் என்பதை அச்சொல்லே நமக்கு நினைவூட்டுகின்றது. நிலக்கரியிலிருந்து பெறப்படும் தார் என்று வேறொரு கரும்பொருளும் உண்டு. பார்வைக்கு இரண்டும் உடன்பிறப்புகள் போலவே தோன்றும். இயல்பில் பெரிதும் வேறானவை. இவ்வேறுபாட்டைப் பின்னர் விரித்துரைப்பேன்.

நிலக்கீல் தளத்திற்கும் நியூ ஜெர்சிக்கும் பழந்தொடர்பு உண்டு. 1870ஆம் ஆண்டு அம்மாநிலத்து நெவார்க் நகரின் வில்லியம் தெருவில், டி ஸ்மெட் என்னும் பெல்ஜிய நாட்டு வேதியியலார் நிலக்கீல் தளம் அமைத்தார். அமெரிக்க நாட்டின் முதல் நிலக்கீல் சாலை என்று அதனைக் கூறுவர். 1876ஆம் ஆண்டில் வாஷிங்டன் மாநகரத்துப் பென்சில்வேனியா நெடுவீதிக்கு டிரினிடாடுத் தீவிலிருந்து இயற்கை நிலக்கீல் தருவிக்கப்பட்டது. அத்தீவில் நிலக்கீல் ஓர் ஏரியாகவே தேங்கிக் கிடக்கின்றது. பின்னர் எண்ணெய் ஆலைகள் பெருகியபோது, ஆலைகளில் எஞ்சிய கீலே உலகெங்கும் சாலைகளுக்குப் பயன்படலாயிற்று.

இனி, பாதையின் உடற்கூற்றைக் காண்போம். அடியில் இறுக்கப்பட்ட மண். அதன்மேல் ஆறு முதல் எட்டு அங்குலம் வரை உடைத்த சல்லி. அதற்கும் மேல் இரண்டு முதல் மூன்று அங்குலக் கருந்தளம். மேலே தெரியும் அக்கருந்தளத்திலும் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கே கீல். எஞ்சிய தொண்ணூற்றைந்து பங்கும் கல்லும் மணலுமே. காரின் பாரத்தைத் தாங்குவன கற்கள். கற்களை ஒன்றோடொன்று பிணைத்து, நீர் புகாமல் காப்பது கீல். மேலே வெறும் கருமை மட்டும் தெரிவதால், பாதையின் வலிமை அக்கருமையில்தான் இருக்கின்றது என்று மயங்குதல் எளிது. வலிமை அடியில் இருக்கின்றது. அடிச்சல்லி உலர்ந்தும் இறுகியும் இருக்கும்வரை பாதை நிலைக்கும்.

அப்பாதைக்குப் பகைவர் நால்வர். வெயிலும் காற்றும் முதற்பகைவர். கீலிலுள்ள மெல்லிய எண்ணெய்ப் பகுதிகள் நாளடைவில் ஆவியாகின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜன் கீலோடு கூடி அதனை இறுகச் செய்கின்றது. இளகி வளையும் தன்மையை இழந்த கீல், குளிரில் சுருங்கும்போது கீறல் விடுகின்றது. பாதை வெளுத்துச் சாம்பல் நிறம் அடைவது இம்முதுமையின் அடையாளம். நரை தோன்றிய உடனே ஒருவர் நோயாளி ஆகிவிடுவதில்லை. அது போலவே, வெளுத்த பாதை யாவும் கெட்ட பாதை ஆகிவிடாது.

காரிலிருந்து சொட்டும் பெட்ரோலும் மசகெண்ணெயும் இரண்டாம் பகைவர். கீலே எண்ணெயினின்று பிறந்த பொருள் ஆதலால், எண்ணெய் பட்ட இடத்தில் அது இளகிக் கரைகின்றது. பாரம் மூன்றாம் பகை. வீட்டுப் பாதை காருக்கென அமைந்தது. சுமை நிறைந்த லாரி அதன் ஓரத்தில் ஏறினால், பக்கத்தில் தாங்குவார் இல்லாத அவ்வோரம் உடைந்து சரியும்.

நான்காவதாகக் கூறினும் எல்லாவற்றினும் கொடிய பகை நீரே. கீறல் வழியாக இறங்கும் நீர் அடிச்சல்லியையும் மண்ணையும் நனைத்து இளக்குகின்றது. நம் நாட்டில் மழைக்காலத்துச் சாலை குண்டும் குழியுமாக ஆவது இதனாலேயே. நியூ ஜெர்சியில் இதற்கு மேலும் ஒரு துன்பம் உண்டு. நீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பருத்து விரியும். அம்மாநிலத்துக் குளிர்காலத்தில் பகலில் பனி உருகுவதும் இரவில் மீண்டும் உறைவதும் பல நாள் நிகழ்கின்றன. பகலில் கீறலுக்குள் இறங்கிய நீர், இரவில் உறைந்து கீறலின் இரு பக்கங்களையும் தள்ளுகின்றது. மறுநாள் உருகி இன்னும் ஆழமாக இறங்குகின்றது. மரத்தைப் பிளப்பவன் ஆப்பு அடிப்பது போல, நீர் தன்னையே ஆப்பாக அடித்துக்கொள்கின்றது. மார்கழியில் மயிரிழையாக இருந்த கீறல் பங்குனியில் விரல் நுழையும் பிளவாகி விடுவதன் காரணம் இதுவே.

இப்பகைவர்களுள் எவரை மேற்பூச்சு தடுக்கும் என்பதை இப்போது ஆராயலாம். 'சீல்கோட்டிங்' என்று அந்நாட்டார் கூறும் இப்பூச்சு, கீலையோ நிலக்கரித் தாரையோ நீரில் நுண்துளிகளாகக் கலந்து, களிமண்ணும் மணலும் சேர்த்துச் செய்த ஒரு பால்மம். பூசியபின் நீர் ஆவியாகிக் கரிய மெல்லேடு ஒன்று பாதையின்மேல் படியும். அவ்வேடு வெயிலையும் காற்றையும் ஓரளவு தடுக்கும். எண்ணெய் ஊறுவதைத் தாமதப்படுத்தும். மயிரிழைக் கீறல்களை மூடும். அவ்வளவே அதன் ஆற்றல். அகன்ற விரிசலை அது இணைக்காது. தாழ்ந்த பள்ளத்தை நிரப்பாது. தளர்ந்த அடித்தளத்தைச் செப்பனிடாது. தோலுக்கு இடும் தைலம் எலும்பு முறிவை ஆற்றுமா? கெட்ட பாதைமேல் பூசிய பூச்சு, கேட்டைச் சில மாதங்கள் கண்ணுக்கு மறைக்கும். அதற்குள் நீர் தன் வேலையைத் தொடர்ந்துகொண்டே இருக்கும்.

ஆதலால், வாளியைத் திறக்குமுன் பாதையை ஒருமுறை நடந்து பாருங்கள் என்று என்னை வினவியவர்களுக்குக் கூறினேன். மழை ஓய்ந்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்ப்பது நன்று. பாதையெங்கும் உலர்ந்தபின் எங்கே நீர் தேங்கி நிற்கின்றதோ, அங்கே வாட்டம் கெட்டிருக்கின்றது. ஓர் அடி நீளத்திற்குக் கால் அங்குலம் சரிவு இருந்தால் நீர் தானே ஓடிவிடும். கூரை நீரை இறக்கும் குழாயின் வாய் பாதையின் ஓரத்தில் திறந்திருக்கின்றதா என்று பாருங்கள். இருந்தால், அக்குழாயைச் சில அடி நீட்டிப் புல்தரைப் பக்கம் திருப்பிவிடுங்கள். இதற்கு ஆகும் செலவு சிறிது. பாதைக்குக் கிடைக்கும் வாழ்நாள் பெரிது.

பின்னர் விரிசல்களைப் பாருங்கள். ஒற்றைக் கோடாக ஓடும் விரிசல் முதுமையாலும் குளிராலும் உண்டானது; அதனை அடைத்துவிடலாம். முதலையின் முதுகுத்தோல் போன்று சிறுசிறு கட்டங்களாக வெடித்திருந்தால், அடித்தளம் தளர்ந்துவிட்டது என்று பொருள். 'முதலைத்தோல் வெடிப்பு' என்றே ஆங்கிலத்திலும் அதற்குப் பெயர். அவ்விடத்தை வெட்டியெடுத்து, சல்லியிட்டு இறுக்கி, மீண்டும் தளம் இடுவதன்றி வேறு மருந்தில்லை. பாதையின் பெரும்பகுதி அவ்வாறு ஆகியிருப்பின், பூச்சுக்கு என்று எடுத்து வைத்த பணத்தைப் புதுப்பாதைக்குச் சேர்த்து வைப்பதே அறிவுடைமை.

பாதையின் உடல் நன்றாக இருந்து, மேல்தோல் மட்டும் வறண்டிருப்பின் பூச்சுப் பூசலாம். புதிதாக இட்ட பாதைக்கு உடனே பூசுதல் கூடாது. புதுக்கீலிலுள்ள எண்ணெய் அடங்கித் தளம் இறுகுவதற்கு ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு வரை காத்திருத்தல் வேண்டும். அந்த முதற்கோடையில் காரை நிறுத்தி வைத்தபடியே சக்கரத்தைத் திருப்புதலும், சைக்கிளை அதன் ஒற்றைக் காலில் நிறுத்தி வைத்தலும் தளத்தில் வடு உண்டாக்கும்.

வேலைக்கு ஏற்ற காலம் வெப்பமும் வறட்சியும் உள்ள காலம். பகலிலும் இரவிலும் வெப்பநிலை 10 டிகிரி செல்சியசுக்குக் குறையாமலும், பூசியபின் ஒரு நாளேனும் மழை பெய்யாமலும் இருத்தல் வேண்டும். நியூ ஜெர்சியில் செப்டம்பர் மாதம் இதற்கு மிக ஏற்றது. முதலில் விரிசல்களில் முளைத்த புல்லை வேரோடு களைய வேண்டும். மண்ணையும் இலைச் சருகையும் முரட்டுத் துடைப்பத்தால் பெருக்கி, நீரால் கழுவி, நன்றாக உலரவிட வேண்டும். எண்ணெய்க் கறையைச் சோப்புக் கரைசல் இட்டுத் தேய்த்துப் போக்க வேண்டும். கறையின்மேல் பூசிய பூச்சு ஒட்டாது உரிந்துபோம்.

கால் அங்குலத்துக்கு மேல் அரை அங்குலம் வரை அகன்ற விரிசல்களில், ரப்பர் கலந்த அடைப்பை ஊற்ற வேண்டும். ரப்பர் கலந்திருப்பதால் அது குளிரில் விரிசலோடு சேர்ந்து விரிந்தும், வெயிலில் சுருங்கியும் கொடுக்கும். சிறு குழிகளில், பையில் விற்கும் குளிர்க்கலவையைச் சிறிது சிறிதாக இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் திமிசுக்கட்டையால் இறுகக் குத்த வேண்டும். இவ்வேலையை ஒழுங்காகச் செய்தவர் பூச்சையே பூசாமல் விட்டாலும், பாதைக்குச் செய்ய வேண்டியதில் பெரும்பங்கைச் செய்து முடித்தவர் ஆவார். விரிசலை அடைக்காது பூச்சை மட்டும் பூசியவரோ, ஓட்டைக் கூரைக்கு வெள்ளையடித்தவர் ஆவார்.

பூச்சைக் கலக்கியபடியே, நீண்ட பிடியில் பொருத்திய ரப்பர்ப் பலகையால் மெல்லிதாகத் தள்ளிப் பரப்ப வேண்டும். கனமான ஒரு பூச்சைவிட மெல்லிய இரு பூச்சுகள் மேல். கனமாகப் பூசியது மேலே உலர்ந்து உள்ளே உலராது நின்று, பின்னர் வெடித்து உரியும். ஐந்து காலன் வாளி ஒன்று, தோராயமாக 350 சதுர அடிக்கு ஒரு பூச்சுக்குப் போதும். இருபது அடி அகலமும் முப்பது அடி நீளமும் உள்ள பாதை 600 சதுர அடி. இரு பூச்சுக்கு 1,200 சதுர அடி ஆகும். நான்கு வாளிகள் தேவைப்படும். பூசி முடித்தபின் ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை கார் ஏறுதல் கூடாது.

எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பூசுவது? பூச்சு தேய்ந்து, கற்களின் முகம் வெளித்தெரியத் தொடங்கிய பின்னரே அடுத்த பூச்சு வேண்டும். மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆகலாம். ஆண்டுதோறும் பூசினால் ஏட்டின்மேல் ஏடு படிந்து, பூச்சே தனியாகக் கீறல் விடும். திருமணத்திற்கும் பண்டிகைக்கும் வெள்ளையடிக்கும் பழக்கத்தை இங்கே கொண்டுவருதல் வேண்டா.

என் மகள் வீட்டில் நான் தங்கியிருந்த காலத்து நிகழ்ந்த ஒன்றை இங்கே குறிப்பிடுவது பொருந்தும். ஒரு நாள் காலை, பெயர்ப்பலகை ஏதும் இல்லாத ஒரு லாரி வாயிலில் வந்து நின்றது. இறங்கி வந்தவர், "பக்கத்துத் தெருவில் வேலை முடித்தோம், பீப்பாயில் பூச்சு மீந்திருக்கின்றது, இப்போதே சம்மதித்தால் பாதி விலைக்குப் பூசித் தருகின்றோம்" என்றார். என் மருமகன் என்னைப் பார்த்து, "மாமா, என்ன சொல்கிறீர்கள்?" என்றார்.

"மாப்பிள்ளை, விலையை அப்புறம் பேசலாம். பீப்பாயில் இருப்பது எந்தப் பொருள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அரசாங்கத்தில் பதிவு செய்த எண்ணையும் கேளுங்கள்" என்றேன்.

மருமகன் அவ்வாறே கேட்டார். வந்தவர், "எல்லாவற்றிலும் கருப்பான சரக்கு இதுதான்" என்று மட்டும் கூறினார், எழுதித் தரவில்லை, லாரி அடுத்த வீட்டை நோக்கி நகர்ந்தது. மீந்த சரக்கு என்று கூறிக்கொண்டு வீடுவீடாக வருவோரிடம் எச்சரிக்கையாக இருக்குமாறு அந்நாட்டு நுகர்வோர் அமைப்புகள் நெடுங்காலமாக அறிவுறுத்தி வருகின்றன. அன்று வந்தவர் நல்லவரோ அல்லரோ, நான் அறியேன். எழுதித் தர மறுத்தது போதிய விடையாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை நானும் மருமகனும் சேர்ந்து அவ்வேலையை நாங்களே செய்து முடித்தோம்.

நான் விலையை விடுத்துப் பொருளின் பெயரை முதலில் கேட்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பூச்சு இரு வகைப்படும் என்று முன்னர்க் கூறினேன். ஒன்று நிலக்கீலால் ஆனது. மற்றொன்று நிலக்கரித் தாரால் ஆனது. உருக்காலைகளுக்கு வேண்டிய கல்கரியைப் பெற, நிலக்கரியைக் காற்றுப் புகாத அடுப்பில் சூடாக்கும்போது வடிவதே நிலக்கரித் தார். பெட்ரோலில் அது கரையாது. இக்குணத்தாலேயே விமானத் தளங்களிலும் கார் நிறுத்தங்களிலும் அதற்கு மதிப்பு உண்டாயிற்று. அமெரிக்க நாட்டின் கிழக்கிலும் நடுப்பகுதியிலும் தெற்கிலும் நிலக்கரித் தார்ப்பூச்சே நெடுங்காலம் மிகுதியாக வழங்கி வந்தது. மேற்கில் நிலக்கீற்பூச்சு வழங்கிற்று.

நிலக்கரித் தாரின் தீமையை மருத்துவ உலகம் அறிந்தது நேற்றன்று. 1775ஆம் ஆண்டிலேயே பெர்சிவால் பாட் என்னும் இலண்டன் மருத்துவர், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளரிடையே கரியினால் புற்றுநோய் உண்டாவதை எடுத்துக்காட்டினார். 1915ஆம் ஆண்டு யாமகிவா, இச்சிக்காவா என்னும் சப்பானிய அறிஞர் இருவர், முயலின் காதில் நிலக்கரித் தாரைத் திரும்பத் திரும்பப் பூசி, அங்கே புற்று தோன்றுவதை மெய்ப்பித்தனர். தாரிலுள்ள பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் என்னும் கூட்டுப்பொருள்களே இதற்குக் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. நிலக்கரித் தாரின் கெட்டிப் பிசின், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களுள் ஒன்றாக உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் பட்டியலில் இடம்பெற்றிருக்கின்றது. தார்ப்பூச்சில் எடையில் நூற்றுக்கு இருபது முதல் முப்பத்தைந்து பங்கு வரை அப்பிசின் இருப்பது வழக்கம். நிலக்கீற்பூச்சில் உள்ளதைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு நச்சுக் கூட்டுப்பொருள்கள் அதில் உள்ளன.

பாதையில் ஒட்டிக் கிடக்கும் பூச்சு நம்மை என்ன செய்யும் என்று சிலர் வினவலாம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டியிருக்கின்றதே, முன்பு பூசியது எங்கே போயிற்று? சக்கரம் தேய்த்தும், பனி வாரும் மண்வெட்டி சுரண்டியும், வெயில் உலர்த்தியும் அது தூளாகின்றது. தூளில் ஒரு பகுதி மழைநீரோடு தெருச் சாக்கடைக்கும், அங்கிருந்து ஓடைக்கும் ஆற்றுக்கும் செல்கின்றது. அந்நாட்டு ஊர்கள் பலவற்றில் மழைநீர்ச் சாக்கடை எந்தத் தூய்மைப்பாடும் இன்றி நேரே ஓடையில் கலக்கின்றது. மற்றொரு பகுதி காலணியோடு வீட்டுக்குள் வருகின்றது.

இவற்றை ஆராய்ந்து கண்டவர்கள் டெக்சாசு மாநிலத்து ஆஸ்டின் நகரத்தார். அந்நகரில் பார்ட்டன் ஊற்று என்று ஒரு நீர்நிலை உண்டு. உலகில் வேறெங்கும் காண இயலாத சிறு சாலமாண்டர் இனம் ஒன்று அங்கு வாழ்கின்றது. அந்நகரத்து ஓடைகளின் வண்டலில் நச்சுக் கூட்டுப்பொருள்கள் மிகுந்திருந்ததன் காரணத்தைத் தேடிச் சென்றவர்கள், கடைசியில் கார் நிறுத்தங்களின் தார்ப்பூச்சில் வந்து நின்றனர். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பார்பரா மாலர், பீட்டர் வான் மீட்டர் முதலியோரும் நகராட்சியினரும் செய்த ஆய்வு 2005ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவ்வாண்டே ஆஸ்டின் நகரம் நிலக்கரித் தார்ப்பூச்சைத் தடை செய்தது. 2006ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தடை நடைமுறைக்கு வந்தது. 2010ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, தார்ப்பூச்சுப் பூசிய கார் நிறுத்தத்தை அடுத்த குடியிருப்புகளில், வீட்டுக்குள் தரையிற் படிந்த தூசியில் இந்நச்சுப்பொருள்கள் மற்ற வீடுகளில் இருந்ததைவிட 25 மடங்கு மிகுந்திருந்தன என்று காட்டிற்று. தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கும் குழந்தைக்கே அத்தூசி மிகுதியாகச் சேரும் என்பதைத் தாய்மார்க்கு நான் விளக்க வேண்டுவதில்லை.

இதில் நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. ஆஸ்டின் நகரத்துள் அமைந்த லேடி பேர்ட் ஏரியின் வண்டலை, தடை வந்து சில ஆண்டுகள் கழித்து மீண்டும் சோதித்தனர். நச்சுப்பொருள்களின் அளவு நூற்றுக்கு 58 பங்கு குறைந்திருந்தமை 2014ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. பூசுவதை நிறுத்தியதும் நீர் தெளியத் தொடங்கிற்று. வாஷிங்டன் மாநிலம் 2011ஆம் ஆண்டில் இப்பூச்சைத் தடை செய்தது. மின்னசோட்டா மாநிலத்தில் 2014ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து தடை நடைமுறைக்கு வந்தது.

தடை உள்ள இடத்தில் வாழ்வோரும், இல்லாத இடத்தில் வாழ்வோரும் வாளியைப் படித்துப் பார்த்து வாங்குவது நன்று. வாளியின் மேலும், அதனோடு தர வேண்டிய பாதுகாப்புக் குறிப்பிலும் 'கோல் டார்', 'ரிஃபைன்டு டார்', 'ஆர்.டி. 12' என்னும் சொற்களோ, 65996-93-2 என்னும் பதிவெண்ணோ இருப்பின் அது நிலக்கரித் தார். 8052-42-4 என்னும் எண் இருப்பின் அது நிலக்கீல். முகர்ந்தும் ஓரளவு அறியலாம்; நிலக்கரித் தாரில் துணிப்பெட்டியில் இடும் பாச்சை உருண்டையின் நெடி வீசும். முன்னரே பூசிய பாதை எவ்வகைப் பூச்சுடையது என்று அறிய ஆஸ்டின் நகரத்தார் ஓர் எளிய சோதனை செய்தனர். பூச்சைச் சிறிது சுரண்டி, வண்ணத்தை இளக்கப் பயன்படும் 'மினரல் ஸ்பிரிட்' என்னும் எண்ணெயில் இட்டனர். நிலக்கீலாயின் அது கரைந்து எண்ணெய் காப்பி நிறம் கொள்ளும். நிலக்கரித் தாராயின் கரையாது, வெளிறிய தேநீர் நிறத்தோடு நிற்கும். காப்பி நிறம் கண்டால் அமைதி கொள்ளலாம். தேநீர் நிறம் கண்டால், அடுத்த முறை எந்தப் பூச்சு என்பதை மாற்றிக்கொள்ளலாம்.

எடிசன் ஊரை ஒட்டி ரேரிட்டன் என்னும் ஆறு ஓடுகின்றது. மாலை வேளையில் என் பேத்தியும் பக்கத்து வீட்டுக் குழந்தைகளும் வண்ணச் சுண்ணக்கட்டியால் அவ்வூர் வண்டிப்பாதைகளில் சித்திரம் வரைவர். வாசலிற் கோலம் இட்டு வளர்ந்த நமக்கு அக்காட்சி புதியதன்று. ஒரு மழை பெய்தால் அச்சித்திரங்கள் அனைத்தும் கரைந்து தெருவோரச் சாக்கடைக்குள் சென்றுவிடும். பாதையிலிருந்து கரையும் வேறு எதுவும் அதே வழியாகத்தான் செல்லும்.

ஆதலின், வெளிநாட்டில் வாழும் மக்களுக்கு மடல் எழுதும் பெற்றோர்கள் இவற்றைச் சேர்த்து எழுதுங்கள்: முதலில் நீரை விலக்குக, அடுத்து விரிசலை அடைக்க, தேவை நேர்ந்தபோது மட்டும் பூசுக, பூசுமுன் வாளியிலுள்ள எழுத்தைப் படிக்க. இந்நான்கையும் கடைப்பிடித்தால் வாயிற்பாதை பல்லாண்டு நிலைக்கும். அது சற்றே வெளுத்திருந்தாலும் குறையில்லை.